கரீபியனில் வாடகை வீடு வாங்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வயல் விற்ற பணம் இருக்கிறது. கிரெனடா தீவில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: விடலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% வரி பிடிக்கும். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், அதுவரை அந்தப் பணம் முடங்கும், அதற்கும் சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிநாட்டவர் நிலம் வாங்க அரசு உரிமம் வேண்டும்.

பெரிய கவலை புயல்தான். 2024 ஜூலையில் பெரில் புயல் அந்நாட்டின் கரியாகூ தீவைச் சின்னாபின்னமாக்கியது. புயல் காப்பீட்டில் நாம் ஏற்கும் பங்கு பெரும்பாலும் சேதத்தின் மீதல்ல, மொத்தக் காப்பீட்டுத் தொகையின் மீது சதவீதமாகக் கணக்காகும். அதனால் ஓடு பறந்தது போன்ற சிறு சேதத்தின் செலவு நம் தலையில்தான்.

வாடகைக்கு இங்கும் வரி உண்டு. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டைக் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.