வீடு பாக்கக் கூட வர ஓராளு

அக்கா, வணக்கம். நாங்க ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மாசாமாசம் போறோம். அங்க ஒரு பையனுக்கு சீக்கிரம் 18 முடியுது, வெளிய போகணும். அவனுக்கு மனசு தைரியம் வர்ற மாதிரி ஒரு நல்ல புக் சொல்லுங்க. முன்னாடி போன பசங்க ஒருத்தன்கூட போன் பண்றதில்லைங்கறதும் வருத்தமா இருக்கு.

- ஒரு வாசகர், பெருந்துறை

தம்பி,

உங்க லெட்டர் வந்தப்ப நானும் இதையேதான் நெனச்சுட்டிருந்தேன். இல்லத்துல வளர்ந்த பொண்ணு ஒண்ணு, திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் அடிக்குது, இன்னும் ரெண்டு புள்ளைங்களோட தங்க லைன் வீடு தேடிட்டிருந்துச்சு, நானும் கூடப் போயிருந்தேன். ஒரு ஓனரம்மா நல்லாத்தான் பேசுனாங்க, உக்கார வெச்சு தண்ணி குடுத்தாங்க, உப்புத்தண்ணி எப்ப வரும், நல்லதண்ணி எப்ப வரும்னெல்லாம் சொன்னாங்க. அப்பறம் ஆதார் கேட்டாங்க. அதுல அட்ரஸ்னு இருந்தது இல்லத்தோட பேரு. அதைப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் ஆரைக் கூப்புடறது?"ன்னாங்க. அந்தப் பொண்ணு பதிலே சொல்லல, கார்டை வாங்கிட்டு செருப்பு மாட்டப் போயிருச்சு. இதே கேள்விய எத்தனை வாசல்ல கேட்டுச்சோ. "என்னையக் கூப்புடுங்க, நம்பர் எழுதிக்கோங்க"ன்னு சொன்னேன். வீடு கெடச்சிருச்சு.

அவ்வளவுதான் தம்பி வேணும்! நம்மூட்டுப் பையன் கோயமுத்தூர்ல ரூம் எடுக்கறான்னா மாமன், சித்தப்பன்னு ரெண்டு பேரு பைக்ல போய் நின்னு அட்வான்ஸ்ல ரெண்டாயிரம் கொறைச்சுப் பேசிட்டு வர்றாங்க, அவன் இருபத்தஞ்சு வயசாகியும் தீபாவளிக்குத் துணிமூட்டையோட ஊட்டுக்கு வர்றான், அவனை ஆரும் தைரியமில்லாதவன்னு சொல்றதில்ல. பெல் அடிச்சா சாப்பாடு, பெல் அடிச்சா தூக்கம்னு வளர்ந்த பையன்தான் ஒரே நாள்ல எல்லாத்தையும் தனியாச் செய்யணுமா? சனிக்கிழமை வாங்குன சம்பளத்தை திங்கக்கிழமைக்குள்ள தொலைச்சுட்டான்னா "இல்லத்துப் பசங்களே இப்படித்தான்"னு வேற சொல்லிருவாங்க.

சட்டம் இருக்கு, இல்லைங்கல. 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 46-வது பிரிவு, 18 முடிஞ்சு வெளிய வர்றவங்களுக்குன்னே வெச்சது. பிற்காப்புன்னு 21 வயசு வரைக்கும் உதவி கெடைக்கும், ரொம்பத் தேவைன்னா 23 வரைக்கும் நீட்டலாம். 6லருந்து 8 பேர் சேர்ந்து தங்கற மாதிரி வீடுன்னு அந்தச் சட்டத்துக்காகப் போட்ட 2016 மாதிரி விதிகள்லயே (மாடல் ரூல்ஸ்) எழுதியிருக்கு. மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசோட குழந்தைகள் திட்டத்துல மாசம் 4,000 ரூபா வேற. ஆனா அந்தப் பணம் அக்கவுண்ட்டுக்குத்தான் வரும், ஓனரம்மா கேக்கற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

போன் பண்றதில்லைன்னு வருத்தப்படறீங்களே, நீங்க அவனுங்களுக்குப் பண்ணுனீங்களா? பொறந்தநாளுக்குக் கேக் வெட்டி போட்டோ எடுத்துட்டுப் போனவங்களுக்கு அவன் எதுக்குப் போன் பண்ணணும்? நன்றிய எதிர்பாத்துட்டு அந்தக் கேட்டுக்குள்ள போகாதீங்க, கோவமா வருது எனக்கு. ஆனா அவன் வெளிய போறதுக்கு முன்னாடியே கேக்கணும்னு தோணுச்சே, அந்த மனசுக்காகத்தான் இவ்வளவு எழுதறேன்.

புக்கு கெடக்கட்டும். அவனுக்கு 18 முடியறதுக்கு முன்னாடியே இல்லத்துல பேசி, பிற்காப்புக்கு குழந்தைகள் நலக் குழுகிட்ட எழுதிக் குடுத்தாச்சான்னு கேளுங்க, இல்லைன்னா ஈரோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. வீடு பாக்க ஞாயித்துக்கிழமையாப் பாத்துப் போங்க, அன்னைக்குத்தான் ஓனருங்க ஊட்டுல இருப்பாங்க. ஆருன்னு கேட்டா அண்ணன்னு சொல்லுங்க.