சிறு குழந்தைக்குத் தொடை இடுக்கில் பெரிய குடலிறக்கம்: அறுவை சிகிச்சை அவசியமா?

வயிற்றுக்குள் இருக்க வேண்டிய குடலின் ஒரு பகுதி தொடை இடுக்கு வழியாக வெளியே புடைத்து வருவதுதான் இந்தக் குடலிறக்கம். குழந்தை அழும்போதும் முக்கும்போதும் வீக்கம் எழும்; அயர்ந்து தூங்கும்போது பெரும்பாலும் உள்ளே போய்விடும். பெரிதாக இருந்தால் ஆண் குழந்தைகளுக்கு விரைப்பை வரை இறங்கும். பெண் குழந்தைகளுக்குச் சினைப்பையே வந்து சிக்கிக்கொள்வதும் உண்டு.

கருவில் விரைகள் வயிற்றிலிருந்து கீழே இறங்கும்போது, வயிற்றின் உள்ளுறையும் சிறு பையாக நீண்டு வருகிறது. பிறப்பையொட்டி அதன் வாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால், கயிறு இழுக்கப்படாத சுருக்குப் பையைப் போல வழி திறந்தே கிடக்கும். குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம். அழவிட்டதால் வந்ததல்ல, பெற்றோர் தங்களை நொந்துகொள்ளவே வேண்டாம்.

மயக்க மருந்து கொடுத்து அந்தப் பையின் வாயைக் கட்டிவிடுவதே சிகிச்சை. பெரியவர்களுக்குத் தசையைப் பலப்படுத்த வைக்கும் செயற்கை வலை பொதுவாகத் தேவைப்படாது. துளை மிகவும் விரிந்திருந்தால் சில தையல்கள் போட்டு இறுக்குவார்கள். தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து: குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். முதல் வயதுக்குள் இந்த அபாயம் மிக அதிகம். வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை ஓயாமல் அழுதாலோ பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால்கூடக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் தானே மூடிவிடும் என்பதால் இதுவும் மூடிவிடும் என்று பட்டை கட்டிக் காத்திருப்பது தவறு. இது தானாக மூடாது.