கேள்வி-பதில்: மூன்று லட்ச ரூபாய் கேமராவைத் தொட்டுப் பார்க்கலாமா?

தை முகூர்த்தங்கள் நெருங்குவதால் இந்த வாரக் கடிதங்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களைப் பற்றியே வந்துள்ளன. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கே: நிக்கான் இசட் 8 கேமராவைத் திருச்சியில் ஒரு கடையில் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். மனம் அதிலேயே நிற்கிறது. நீங்கள் கையாண்டது உண்டா? (திருமணப் படப்பிடிப்பாளர், கும்பகோணம்)

ப: உண்டு. திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்திருந்த நண்பர், தம்முடைய இசட் 8-ஐச் சிறிது நேரம் என்னிடம் கொடுத்தார். பேட்டரியும் கார்டும் சேர்ந்து அதன் எடை 910 கிராம். அவர் மாட்டியிருந்த 24-70 எஃப் 2.8 லென்ஸோடு 1.7 கிலோ. கைப்பிடி ஆழமாக இருப்பதால் எடுத்தவுடன் கனம் தெரியவில்லை. மாலை மாற்றி முடிவதற்குள் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் திரையில் 36.9 லட்சம் புள்ளிகள்தான்; கேனான் ஆர் 5-இல் 57.6 லட்சம். ஆனாலும் தொடர்ச்சியாக எடுக்கும்போது காட்சி இடையில் இருண்டுபோகாமல் ஓடுவதால், அந்தக் குறை எனக்கு உறைக்கவில்லை. நாதஸ்வரக்காரர் குழலை உயர்த்தும்போதெல்லாம் அதன் விரிந்த முனையான அனசு அவர் முகத்தை மறைத்தது. அது விலகிய நொடியில் ஃபோகஸ் கட்டம் மறுபடி கண்ணில் போய் நின்றது. ஹோமப் புகை எழுந்தபோது மட்டும் தடுமாறி, பின்னாலிருந்த குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டது. கேமராவை அணைத்ததும் படம் பதியும் சென்சாரை மூடும் தகடு ஒன்று இறங்குகிறது. அறுவடைக் காலத் தூசியில் லென்ஸ் மாற்றியவர்களுக்கு அதன் அருமை புரியும்.

குறை பேட்டரியில் இருக்கிறது. நிறுவனமே தரும் கணக்கு ஒரு பேட்டரிக்கு 330 படங்களை ஒட்டியது. தொடர் படப்பிடிப்பில் அதற்கு மேலும் வரும் என்றாலும், மூன்று பேட்டரி இல்லாமல் ஒரு முகூர்த்தத்துக்குப் போக முடியாது. கார்டு போடும் இடம் இரண்டில் ஒன்று சிஎஃப் எக்ஸ்பிரஸ் பி அல்லது எக்ஸ்க்யூடி வகையைத்தான் ஏற்கும்; உங்களிடம் இருக்கும் எஸ்டி கார்டுகள் மற்றொன்றுக்கு மட்டுமே உதவும். 45.7 மெகாபிக்சல் ரா (சுருக்காத மூல) கோப்புகளைத் திறக்க இப்போதைய கணினி முனகினால் அதையும் மாற்ற வேண்டும். 2023-இல் வெளிவந்தபோது லென்ஸ் இல்லாமல் பாடியின் விலை மட்டும் ஏறத்தாழ 3.44 லட்சம். இன்றைய விலையோடு இந்தச் செலவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதன் பிறகும் மனம் அதிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

கே: பழைய இசட் 8 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஷட்டர் கணக்கு (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) பத்தாயிரத்தைக்கூடத் தொடவில்லை என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? (மன்னார்குடி)

ப: அந்தக் கேமராவில் தேய்வதற்கு இயந்திர ஷட்டரே கிடையாது. விற்பவருக்கு அது தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். வேறு சிலவற்றைப் பாருங்கள். 2023-இல் வந்தவற்றுள் சிலவற்றில் லென்ஸ் சரியாகப் பொருந்தாமலும் தோள்வார் வளையம் தளர்ந்தும் போவதாக நிக்கானே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. வரிசை எண்ணைச் சேவை மையத்தில் கொடுத்துக் கேளுங்கள். லென்ஸின் துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து, புள்ளியோ கோடோ விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மேடை லேசர் விளக்கு சென்சாரைச் சுட்ட தழும்பு அதில்தான் தெரியும். முதல் பில் இல்லை என்றால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

கே: என்னிடம் நிக்கானின் பழைய 'டி' வகை லென்ஸ்கள் நான்கு உள்ளன. இடையில் பொருத்தும் அடாப்டர் வளையத்தைப் போட்டால் புதிய மிரர்லெஸ் கேமராவில் எல்லாம் வேலை செய்யும் என்று கடைக்காரர் சொல்கிறார். (மயிலாடுதுறை)

ப: பாதிதான் உண்மை. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை; உங்கள் லென்ஸ்களிலும் இல்லை. படம் விழும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அந்நிறுவனத்தின் அடாப்டரில் அவை தாமாகவே ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத அடாப்டர் பக்கம் போகாதீர்கள். லென்ஸைக் கழற்ற முடியாமல் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பிய ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கே: கேமரா கடையில், முழுப் பணமும் கட்டினால்தான் பெட்டியைப் பிரிப்போம் என்றார்கள். காட்சிக்கு வைத்திருந்த கேமராவிலும் என் மெமரி கார்டைப் போட விடவில்லை. இது முறையா? (திருவாரூர்)

ப: முறையல்ல. பல காலமாக என் வயிற்றெரிச்சல் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மூவாயிரம் ரூபாய்ப் புடவைக்கு நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டு, வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்க் காட்டி, பிடிக்கவில்லை என்றாலும் முகம் சுளிக்காமல் மடித்து வைப்பது நம் கும்பகோணத்து ஜவுளிக்கடை வழக்கம். மூன்று லட்ச ரூபாய்க் கேமராவுக்கு மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட வேண்டியிருக்கிறது. பிரித்த பெட்டியை அடுத்த வாடிக்கையாளர் வாங்க மாட்டார் என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் காட்சிக்கென்றே ஒன்றை வெளியே வைத்துவிட்டு, அதிலும் கார்டு போடக் கூடாது என்றால் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள்? டெல்டா ஊர்களில் இந்த விலையில் உள்ள பாடியை இருப்பு வைக்கும் கடைகள் அரிது. ஒருவர் திருவாரூரிலிருந்து சென்னைக்கு ரயிலேறிப் போவதே அதைக் கையில் பிடித்துப் பார்க்கத்தான்: சுட்டுவிரல் பொத்தானுக்கு எட்டுகிறதா, கண்ணாடி அணிந்த கண்ணுக்கு வ்யூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகின்றனவா, தம்முடைய லென்ஸைப் போட்டால் ஃபோகஸ் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது, எடுத்த படம் வீட்டுக் கணினியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க. விவரக் குறிப்பைப் படித்து இவற்றில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கார்டைப் போட விடாத கடையில் நான் வாங்குவதில்லை. விலை சற்றுக் கூடினாலும் வேறு கடைக்குப் போகிறேன்.

இன்னொன்று, பில்லின் அடியில் அச்சடிக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரி. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்கு இது பொருந்தாது. குறை இருக்க வேண்டும். ஆகவே வாங்கிய அன்றே, பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துவிட்டு, கேமராவின் எல்லா வேலைகளையும் சோதித்துவிடுங்கள். அலமாரியில் வைத்துவிட்டு முகூர்த்த நாள் காலையில் பிரிக்கிறவர்களுக்கு என்னால் உதவ முடியாது.

கே: தங்கை நகையை அடகு வைத்து, கல்யாணப் படத் தொழிலுக்காக ஒரு கேமரா வாங்கினேன். மூன்றே மாதத்தில் பழுதானது. இது இந்தியாவுக்கென வந்த பொருள் அல்ல, உத்தரவாதம் செல்லாது என்று சேவை மையத்தில் சொல்லிவிட்டார்கள். விற்ற கடை தொலைபேசியை எடுப்பதில்லை. (பட்டுக்கோட்டை)

ப: உங்கள் மீது தவறில்லை. உத்தரவாதம் உண்டு என்று சொல்லி விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிட்ட சீட்டு அதில் இல்லையென்றால், அதுவே உங்கள் தரப்புச் சான்று. சேவை மையம் மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஓர் அறிவிப்பு அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

பதில் வராவிட்டால், கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை காலம் உண்டு. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக் கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். மனு எழுதுவதில் சிக்கல் இருந்தால் பில்லின் நகலோடு மறுபடி எழுதுங்கள்.

கே: பாதி விலைக்குத் தருவதாக விளம்பரம் பார்த்து, யுபிஐ மூலம் நாற்பதாயிரம் முன்பணம் அனுப்பிவிட்டேன். கேமரா எப்போது வரும்? (நாகப்பட்டினம்)

ப: வராது. இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

கே: பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி வரி மிச்சம் என்கிறார்களே? (பாபநாசம்)

ப: மேலே பட்டுக்கோட்டைக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள்.

கே: கேனான் ஆர் 5-இல் 8கே வீடியோ எடுத்தால் சூடேறி நின்றுவிடும் என்பது உண்மையா? சித்திரையில் கல்யாணங்கள் இருக்கின்றன. (சீர்காழி)

ப: 2020-இல் வந்த அந்தக் கேமராவுக்கு கேனானே கொடுத்த கணக்கு, 23 டிகிரி வெப்பத்தில் 20 நிமிடம். சித்திரையில் உங்கள் ஊர் மண்டபம் எத்தனை டிகிரி என்று நீங்களே சொல்லுங்கள்.

கே: ஆராதனையின்போது ஓசையில்லாமல் படம் எடுக்க வேண்டும். ஓசையற்ற ஷட்டரைப் போட்டால் எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாக விழுகிறது. விலை கூடிய கேமரா இதைத் தீர்க்குமா? (திருவையாறு)

ப: பெருமளவு குறைக்கும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கும்போது விளக்கு அணைந்து எரிவதால்தான் பட்டை விழுகிறது. இசட் 8 போன்றவற்றின் அடுக்குச் சென்சார் படத்தை மிக விரைவாகப் படித்துவிடுகிறது; சோனி ஏ9 III முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிகிறது. ஆனால் செலவழிப்பதற்கு முன், இருக்கும் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 ஆக வைத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். பாடுகிறவர்களுக்கு அந்த வேகம் போதும். மிருதங்கக்காரரின் விரல் மட்டும் கலங்கலாக விழும்.

கே: சம்பா நெல் பணம் வந்ததும் வடுவூர் ஏரிப் பறவைகளை எடுக்க ஒரு நல்ல கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த பாடி? (வடுவூர் அருகே)

ப: பறவைக்கு முதலில் லென்ஸ், பிறகுதான் பாடி. குவியத் தூரம் 600 மி.மீ. எட்டாத லென்ஸோடு எந்த பாடியை வாங்கினாலும் நாரை புள்ளியாகத்தான் தெரியும். நெல் பணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே திருச்சியில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கரையில் நின்று பாருங்கள். கை வலித்தால் அடுத்த பருவத்துக்கு உரம் வாங்கலாம்.

கே: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. அரிசி டப்பாவுக்குள் வைக்கலாமா? (வேதாரண்யம்)

ப: வேண்டாம், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றையும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஏற்கனவே பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.