எடையைக் குறைப்பதா, ஒளிந்து சாப்பிடுவதைக் கவனிப்பதா: எது முதலில்?

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினாவில் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் தோழி கறுப்பினப் பெண். வயது 42, எடை 108 கிலோ. பகலில் பட்டினி கிடப்பார். டியூட்டி முடிந்ததும் காரிலேயே உட்கார்ந்து ஒரு பை நிறையச் சாப்பிட்டுவிட்டு, காலி உறைகளை வழியிலேயே குப்பையில் போட்டுவிடுவாராம். டாக்டர் ஒவ்வொரு முறையும் டயட் அட்டவணைதான் தருகிறார். கறுப்பினப் பெண்களுக்கென்று தனி ஆராய்ச்சி நடக்கிறதாமே, எதற்கு? அவரிடம் நான் என்ன சொல்லட்டும்?

பதில்: எடையைவிட அந்தக் காலி உறைகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. எடை கூடிய எல்லோரும் இப்படி ஒளித்துச் சாப்பிடுவதில்லை. நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, அப்புறம் கூசிப்போவது, இது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் ‘பிஞ்ச் ஈட்டிங்’ (binge eating) என்ற நோய். 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. உங்கள் தோழிக்கு அதுதானா என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் யாராவது அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காமல் போவது ஏன் என்பதற்கு 2006-இல் வந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் சாப்பாட்டு நாட்குறிப்பை மனநல சிகிச்சையாளர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். குறிப்பு ஒன்றேதான், பெண்ணின் இனத்தை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையர் என்றபோது 44% பேர் அவர் சாப்பிடும் விதத்தில் சிக்கல் இருக்கிறது என்றார்கள். கறுப்பினப் பெண் என்றபோது 17% பேர்தான் அப்படிச் சொன்னார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை. சாப்பாட்டு நோய் என்றால் ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வருவது என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

தனி ஆராய்ச்சி ஏன் என்கிறீர்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் சுமார் 57% பேருக்கு உடல் பருமன் என்கிறது 2017-18 கணக்கெடுப்பு. பொதுவான எடைக் குறைப்புத் திட்டங்களில் இவர்களுக்குக் குறைவது மற்றவர்களைவிடக் கம்மி. வீட்டையும் உறவையும் தாங்குபவள் கலங்கவே கூடாது என்ற எதிர்பார்ப்பு அவர்கள் மேல் உண்டு. விழுங்கிய துயரமும் அடக்க முடியாத சாப்பாடும் சேர்ந்தே வருவதை 2010-இல் ஒரு ஆய்வு காட்டியது. இதையெல்லாம் ஒரு டயட் அட்டவணை எப்படித் தொடும்?

வட கரோலினாவிலேயே 194 கறுப்பினப் பெண்களிடம் எடையைக் குறைக்கச் சொல்லாமல், ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. ஒரு வருடத்தில் பயிற்சி பெற்றவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு அரை கிலோ ஏறியது. ஒரு கிலோதானா என்று தோன்றும். வருடா வருடம் எடை ஏறும் வயதில் ஏறாமல் நிற்பதே பெரிய விஷயம்.

சரி, உங்கள் தோழிக்கு வருவோம். முதலில் பகல் பட்டினி நிற்க வேண்டும். வெறும் வயிற்றோடு பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்தவரின் கை ராத்திரி எப்படி நிற்கும்? மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடட்டும், டப்பாவில் கொண்டுவந்தாலும் சரி. சாப்பிடும் முன்னும் பின்னும் பசிக்கு 1 முதல் 7 வரை மார்க் போட்டு எழுதிவரச் சொல்லுங்கள்: 1 என்றால் கடும் பசி, 7 என்றால் வயிறு முட்ட நிறைவு. பசியை அடையாளம் காணும் இந்தப் பயிற்சியைக் கறுப்பினப் பெண்களிடமும் ஆராய்ந்து வருகிறார்கள். சிபிடி என்னும் பேச்சுச் சிகிச்சைக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மாத்திரைக்கு இந்த நோய்க்காக 2015-இல் அனுமதி கிடைத்தது. அது எடை குறைக்கும் மாத்திரை அல்ல. ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், பழக்கமாகவும் ஆகலாம். பிரஷர் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, ‘எடையைப் பற்றி அப்புறம் பேசலாம், நான் காரில் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்கிறேன்’ என்று தொடங்கச் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல வாய் வராவிட்டால் நீங்களும் கூடப் போங்கள். உங்களிடம் ஒரு முறை சொல்லிவிட்டாரே.