தட்டில் வந்த பழம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பெருமாள்புரத்தில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். ஊரடங்கு நாட்களில் ஓடிஜி அடுப்பு வாங்கி, பார்த்துப் பார்த்துக் கேக் சுடக் கற்றுக்கொண்டேன். இந்தப் புத்தாண்டுக்குக் கோதுமை மாவும் கருப்பட்டியும் வாழைப்பழமும் போட்டுக் கேக் செய்து எட்டு வீடுகளுக்குக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வாங்கினார்கள். மறுநாள் காலையில் ஒரு பொட்டலம் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் கிடந்தது. இன்னொன்று வாட்ச்மேன் கையில் இருந்தது. ஒரு வீட்டில் மட்டும் வாய்விட்டே சொன்னார்கள்: "வீட்ல செஞ்சதுன்னா கொஞ்சம் யோசிப்போம்லா, தப்பா எடுத்துக்காதீங்க."

பிறர் வீட்டில் சுட்டதை உண்மையிலேயே மனம் ஒப்பிச் சாப்பிடுகிறார்களா? என்னென்ன சேர்த்தேன் என்று எழுதி ஒட்டிக் கொடுத்தால் சரியாகுமா? இல்லை, பேக்கரியில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிடுவதுதான் மரியாதையா?

நானும் யோசிக்கிறவள்தான், பொய் சொல்ல மாட்டேன். கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒரு தூக்குவாளி நிறைய ஓலைக்கொழுக்கட்டை கொண்டுவந்தார். வாங்கி வைத்தேன். அவர்கள் வீட்டுத் தண்ணீர் எப்படியோ என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. அது வேறு விஷயம்.

அன்புடன்,
(பெயரை நான் எடுத்துவிட்டேன்)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சமையல் சந்தேகங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதுகிறேன் என்றால், அந்தக் கடைசிப் பத்திதான் காரணம். அதற்கு வருகிறேன்.

முதலில் கேக்கை முடித்துவிடுவோம். முட்டை சேர்த்தீர்களா என்பதைக் கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள், நம் ஊரில் அது அவசியம். முந்திரி, வேர்க்கடலை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. எழுதி ஒட்டினாலும் சரிதான். கிரீம் பூசிய கேக்கைத் திருநெல்வேலி வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். பூசாத கேக் இரண்டு நாள் தாங்கும். சர்க்கரை நோய்க்காரர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், பூனை மேசையேறும் வீட்டைக் கண்டு அருவருப்பவர்கள் எல்லோரும் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் சாப்பிடாவிட்டால் அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

அப்புறம், குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்து மனிதர்களை எடை போடாதீர்கள். கொடுத்த பிறகு அந்தக் கேக் அவர்களுடையது. வாட்ச்மேன் கையில் போனதை ஏன் துக்கக் கணக்கில் எழுதுகிறீர்கள்? உங்கள் கேக்கை ஆசையாகத் தின்றவர் அவர் ஒருவராகக்கூட இருக்கலாம். அவருக்கென்று ஒரு பொட்டலம் நீங்களே கட்டியிருந்தால் இந்த வருத்தத்தில் பாதி வந்திருக்காது.

இனி என் கதை. கொஞ்சம் நீளம்.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த தெருவில் எங்களுடையது சைவ வீடு. எதிர்வீட்டில் ஒரு டீச்சர். கிறிஸ்தவர்கள். எழுபதுகளில் வீட்டுக்குள் மின்சார அடுப்பெல்லாம் ஏது? டிசம்பர் பிறந்தால் டீச்சர் வீட்டில் மாவைக் கலக்கித் தகரத் தட்டுகளில் ஊற்றி, பேக்கரி விறகடுப்புக்குக் கொண்டுபோய் வேகவைத்து வாங்கி வருவார்கள். கொஞ்சமாகச் செய்வதென்றால் வீட்டிலேயே பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் மாவுத் தட்டை வைத்து, மூடியின்மேல் கனன்ற கரித்துண்டுகளை அடுக்குவார்கள். மேலும் கீழும் சூடு. சர்க்கரையைக் கருக்கும் வாசனை எங்கள் திண்ணை வரைக்கும் வரும். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வாசனைக்காகவே திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போடுவேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் தானே கேக் கொண்டுவந்தார். எவர்சில்வர் தட்டு, மேலே கையால் பின்னிய வெள்ளைத் துணி. என் ஆச்சி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். "எதுக்கு டீச்சர் இவ்ளோ சிரமம்?" என்று வாய் நிறையச் சொன்னாள். உள்ளே போய்க் கேக்கை ஓர் இலையில் கவிழ்த்துவிட்டு, தட்டைக் கழுவி, வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாதென்று ஒரு கை சீனி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் வாசல் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இதைக் கொண்டுபோய் மாட்டுத்தொட்டில போட்டுட்டு வா."

போட்டேன். வரும் வழியில் விரலை நக்கினேன். கருகிய சர்க்கரையும் வெண்ணெயும் கலந்த அந்தக் கசப்பினிப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

டீச்சர் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, "கேக் நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். நல்லா இருந்துச்சு என்றேன். உடனே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க வீட்டுக்குன்னு அம்மா முட்டை போடாம தனியாச் செஞ்சாங்க. தயிர் ஊத்தி. மொதத் தடவை பொங்கலன்னு ரெண்டாந்தடவை செஞ்சாங்க" என்றாள்.

இரண்டு தடவை செய்திருக்கிறார். அதைத்தான் மாட்டுத்தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்த விஷயமெல்லாம் சுவர் தாண்டாமல் இருக்குமா? வேலைக்காரர்கள் வழியாகவோ, பிள்ளைகள் வழியாகவோ டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அதே தட்டு வந்தது, அதே வெள்ளைத் துணி. துணியை எடுத்தால் ஆறு ஆரஞ்சு, ஒரு சீப்பு மலைவாழை, ஒரு தேங்காய். ஆச்சிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "டீச்சர் நாகரிகம் தெரிஞ்சவங்க" என்றாள். அந்த ஆரஞ்சை எல்லோரும் தின்றோம்.

எங்கள் தீபாவளி முந்திரிக்கொத்தையும் தேன்குழலையும் டீச்சர் வீட்டில் எல்லா வருஷமும் சாப்பிட்டார்கள். ருசி சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருஷம் பாகு கூடிப்போனதைக்கூட டீச்சர் பக்குவமாகச் சொன்னார்.

நம் சீமையில் இப்படி இரண்டு வகை வீடுகள் உண்டு. பலகாரம் அனுப்புகிற வீடு, பழம் அனுப்புகிற வீடு. யார் யாருக்குச் சமைத்ததை அனுப்பலாம், யாருக்குத் தோல் உரிக்காததை மட்டும் அனுப்ப வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் தெருவில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். தோலிருக்கிற பொருளில் கை படாது. கைதான் பிரச்சினை. உங்கள் அடுக்ககத்தில் "வீட்ல செஞ்சதுன்னா யோசிப்போம்லா" என்று சொன்னார்களே, அந்த வாக்கியத்துக்கு வயது மிக அதிகம். அந்தக் காலத்தில் அதற்குத் தீட்டு என்று பேர். இப்போது சுத்தம், ஹைஜீன் என்கிறார்கள்.

சுத்தம்தான் காரணமென்றால் அல்வாவுக்கு என்ன சொல்வது? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலமானால் வரிசை. கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம் அது. எத்தனை கை பட்டிருக்கும். கிண்டியவர் யார், எந்தத் தண்ணீர் என்று வரிசையில் ஒருவராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ராஜஸ்தானத்திலிருந்து வந்த குடும்பம் தொடங்கிய கடை, இன்று திருநெல்வேலி என்றாலே அதுதான். நானும் இலையில் வாங்கி நின்றபடி தின்றுவிட்டு, விரலில் ஒட்டிய நெய்யைத் தலையில் தடவிக்கொண்டு வருகிறவள்தான். கடைப் பண்டத்துக்குக் கையும் கிடையாது, சாதியும் கிடையாது. அது காசு கொடுத்து வாங்கியது. முகம் தெரிந்த கையைக் கண்டால்தான் நமக்கு யோசனை வருகிறது. அதனால் பேக்கரிப் பெட்டியே வாங்கிக் கொடுக்கட்டுமா என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் ஆரஞ்சுக்கு மாறினாரே, அதேதான் இது. அவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். சேரன்மகாதேவியில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தை அறிந்திருப்பீர்கள். நாட்டு விடுதலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வந்த பள்ளிக்கூடம், காங்கிரஸ் பணம் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பது காரணம். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை, தமிழ்நாடு முழுக்க அது பேச்சானது. 1925ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு பாபநாசத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். அவ்வளவு தியாகம் செய்த மனிதரையும் ஒரு சாப்பாட்டுப் பந்தி இடறிவிட்டது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், எட்டயபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில், பட்டியல் சமூகத்துப் பெண் சமைத்தார் என்று பள்ளிக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்ததாகச் செய்தி வந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானாகவா தெரியும்? என்னை அனுப்பினார்களே மாட்டுத்தொட்டிக்கு, அப்படி ஒருவர் அனுப்பித்தான் தெரியும்.

இப்போது உங்கள் கடைசிப் பத்தி. "அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியம்மா வேறு விஷயம்?

அவர்கள் வீட்டுத் தண்ணீர் எப்படியோ என்கிறீர்கள். உங்கள் குழாயில் வருவதும் தாமிரபரணி, அவர் குழாயில் வருவதும் அநேகமாக அதே தாமிரபரணிதான். சரி, தண்ணீரை விடுங்கள். ஒரு கேக் வெந்தது என்றால் அதன் நடுப்பகுதி 95 டிகிரியைத் தொட்டிருக்கும். அதற்குமேல் பெரிதாக ஏறாது, ஈரம் விடாது. பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் சுக்கும் ஏலமும் பிசைந்து, குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி, கொதிக்கிற ஆவியில் அவித்தெடுத்த கொழுக்கட்டை உங்கள் கேக்கை விட எந்த விதத்தில் குறைந்தது? கிருமிக்கு அந்த ஆவியில் என்ன வேலை? உங்கள் கேக்கிலும் கருப்பட்டி, அவர் கொழுக்கட்டையிலும் கருப்பட்டி. அந்த அக்கா ஓலை தேடி, கீறி, மாவிடித்து, தன் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்ததுபோக ஒரு தூக்குவாளி நிறைய உங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நாள் முழுக்க உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கை அது. அந்தக் கை கழுவிய தட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்கள். அதே கை பிடித்த கொழுக்கட்டை மட்டும் ஆகாது.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. நீங்கள் மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறேன். நானாக இருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிட்டு அனுப்பியிருப்பேன். ஐம்பது வருஷமாக அடித்துவிட்டுத்தானே வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆச்சி இறந்த அன்று அதிகாலை, சொந்தக்காரர்கள் வந்து சேருமுன்னே டீச்சர் வந்துவிட்டார். துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. பெரிய பிளாஸ்க் நிறையக் காபி கொண்டுவந்து, டம்ளரும் அவர் வீட்டிலிருந்தே எடுத்துவந்து, ஒவ்வொருவருக்காக ஊற்றிக் கொடுத்தார். அழுது ஓய்ந்திருந்த அம்மா வாங்கிக் குடித்தாள். நாங்கள் எல்லோரும் குடித்தோம். ஆச்சி நடுவீட்டில் படுத்திருந்தாள். அவ்வளவு நல்ல காபியை நான் அப்புறம் குடிக்கவில்லை.

அந்த டிசம்பரிலும் ஆரஞ்சுதான் வந்தது. "டீச்சர், கேக் குடுங்க" என்று அம்மா கேட்டிருக்கலாம். எனக்கும் வயதாகியிருந்தது, நானும் கேட்டிருக்கலாம். தட்டை வாங்கி, சீனி போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். டீச்சர் ஓய்வுபெற்று ஊரை விட்டுப் போகிறவரைக்கும் அப்படியே நடந்தது.

கொழுக்கட்டையைச் சாப்பிடவில்லை என்று அந்த அக்காவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மனப்பாரத்தை இறக்க அவர் தலைதான் கிடைத்ததா? உங்கள் அடுப்பில் அடுத்த கேக் வேகும்போது முதல் துண்டை அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். எட்டு வீட்டுக் கணக்கில் அவர் வீடு இருந்ததா என்று கடிதத்தில் தேடினேன், இல்லை. வருகிற கார்த்திகைக்கு அவர் கொண்டுவந்தால், அவர் இருக்கும்போதே ஓலையைப் பிரித்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கொண்டுவராமல் போனாலும் போகலாம். அவருக்கும் தெரிந்திருக்கும்.

மற்றபடி எட்டு வீட்டுக்கும் கேக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அந்தத் தூக்குவாளியை எதைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா