ஐரோப்பாவில் பெஞ்சா, அமெரிக்காவில் ஆட்டமா? லாண்டன் டோனவன் ஏன் ஊருக்குத் திரும்பினார்?

கேள்வி: அமெரிக்காவின் கால்பந்து வீரர் டோனவன் போன்ற திறமைசாலி ஐரோப்பாவை விட்டு எம்எல்எஸ்ஸுக்கு (அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்) திரும்பியது சரியா?

என்னைக் கேட்டால், சரிதான். 1999-இல் பதின்ம வயதிலேயே ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. 2001-இல் கடனாக, அதாவது லெவர்குசன் ஒப்பந்தத்தில் இருந்தபடியே தற்காலிகமாக, எம்எல்எஸ் அணியான சான் ஹோசே எர்த்குவேக்ஸுக்கு வந்ததும் வாராவாரம் களத்தில் இறங்கினார், அதே ஆண்டு எம்எல்எஸ் கோப்பையையும் வென்றார். 2002 உலகக் கோப்பையில் சிறந்த இளம் வீரர் விருது பெற்றவர் அவர்தான். அப்போது லெவர்குசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆட்டம் எங்கிருந்து வந்திருக்கும்?

2005-இல் மறுபடியும் ஜெர்மனி போனார். சில மாதங்கள்தான், பெரும்பாலும் மாற்று வீரராகவே பயன்படுத்தப்பட்டார். அப்புறம் மீண்டும் எம்எல்எஸ், லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி அணி. அவருக்குப் போராடும் குணம் இல்லை என்று பலர் ஏசினார்கள். அது நியாயமே இல்லை. இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு தாக்குதல் வீரருக்குப் பயிற்சி மைதானம் போதாது; தோற்றால் பழி தன் மேல் விழும் ஆட்டங்கள் வேண்டும்.

ஐரோப்பாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எம்எல்எஸ் பருவம் அப்போது வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். அந்தக் குளிர்கால இடைவெளியில், 2010-இல் கடனாக இங்கிலாந்தின் எவர்டன் கிளப்புக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் டேவிட் மோயஸ் அவரை உண்மையிலேயே ஆடவிட்டார், ரசிகர்களும் கொண்டாடினார்கள். அந்தக் கோடையில்தான் அல்ஜீரியாவுக்கு எதிராக கூடுதல் நிமிடத்தில் கோல் அடித்து அமெரிக்காவை உலகக் கோப்பையின் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனார்.

ஆகவே இளம் வீரர் ஒருவர் கேட்டால், கிளப்பின் பெயரைவிட, தன் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார், அந்தப் பயிற்சியாளர் தன்னைக் கேட்டு வாங்கினாரா என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன்.