கேள்வி–பதில்: கடவுள் உண்டு, மதம் இல்லை என்றால்?

கேள்வி: தேசிய சேவையில் இருக்கும் என் மகன், “கடவுளை நம்புகிறேன் அம்மா, எந்த மதமும் எனக்கு வேண்டாம்” என்கிறான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். மதத்தை விட்டவன் கடவுளை மட்டும் எப்படிப் பற்றிக்கொண்டிருக்க முடியும்? (ஈசூன் வாசகி)

பதில்: முடியும், சகோதரி. பிறந்த நாள் முதல் நம் வீடுகளில் இரண்டும் சேர்ந்தே புழங்குவதால் கடவுள் நம்பிக்கையும் மதமும் ஒன்றே என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை ஏற்காத சமணமும் பௌத்தமும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மதங்களாகவே வாழ்ந்து வருகின்றன. வேள்வியை உயிராகக் கருதிய பூர்வ மீமாம்சை என்னும் பழைய இந்தியத் தத்துவ மரபுகூட, வேதத்துக்கு மேலே ஒரு படைப்பாளர் தேவை என்று எண்ணவில்லை. மறுபுறம், 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் போன்றோர், இயற்கையின் ஒழுங்கைக் கண்டு கடவுளை ஏற்றார்கள். திருச்சபையின் போதனைகளை ஏற்கவில்லை.

நம் சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 20 விழுக்காட்டினர் மதம் இல்லை என்றார்கள்; 2010இல் அது 17 விழுக்காடு. அங்கே கேட்கப்பட்டது மதத்தைப் பற்றி மட்டுமே என்பதால், அவர்கள் அனைவரையும் நாத்திகர்களாக எண்ணிவிடக் கூடாது. உங்கள் மகனைப் போன்றவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும்.

ஆயினும் அவன் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. உலகுக்கு ஒரு மூலகாரணம் இருந்தே தீர வேண்டும் என்று ஒருவர் தர்க்கத்தால் நிறுவிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த மூலகாரணம் நம்மை அறியுமா, வேண்டுதலுக்குச் செவிசாய்க்குமா, தவறியவனை மன்னிக்குமா என்பவற்றுக்கு அந்தத் தர்க்கத்தில் விடை கிடையாது. தேவாலயத்தில் இருப்பவரும் பள்ளிவாசலில் இருப்பவரும் நம் கோயிலில் இருப்பவரும் அதே வாதத்தைச் சம உரிமையோடு எடுத்துச் சொல்லலாம். அதனால் எவருடைய மதமும் மெய்ப்பிக்கப்பட்டுவிடாது. (என்னைப் போன்ற பக்தர்கள் அடிக்கடி மறந்துவிடும் இடம் இது.) கடவுள் எப்படிப்பட்டவர் என்பதை நமக்குச் சொல்லித் தந்தவை மறைநூல்களும் அடியார்களின் அனுபவமும் தலைமுறைகளின் வழிபாடுமே. உங்கள் மகன் நம்பும் கடவுள் கருணையுள்ளவர் என்றால், அந்தக் கருணையை அவன் முதலில் எங்கே அறிந்தான் என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். சிறுவயதில் உங்களோடு கோயிலில் நின்று கேட்ட தேவாரத்திலிருந்தே அது வந்திருக்கலாம். அதற்காக அவனைக் கோயிலுக்கு வற்புறுத்தி அழைக்காதீர்கள். வற்புறுத்தினால் இப்போதிருக்கும் நம்பிக்கையும் கசந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

கேள்வி: வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலில் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்களே, அவர்கள் எந்த மதத்தவர்? (வாசகர், பிடோக்)

பதில்: அருகிலுள்ள குவான் யின் (சீனர்கள் வணங்கும் கருணைத் தெய்வம்) கோயிலுக்கு வருபவர்கள் பலர், கிருஷ்ணன் கோயில் முன்னும் நின்று கும்பிட்டுவிட்டுச் செல்கிறார்கள். ஒருவருக்கு ஒரே மதம் என்னும் வரையறை கிறிஸ்துவத்திலும் இஸ்லாத்திலும் உறுதியானது. பௌத்தமும் தாவோயிசமும் முன்னோர் வழிபாடும் ஒரே வீட்டில் இணைந்து வாழும் சீன மரபில், இன்னொரு தெய்வத்தைத் தொழுவதற்கு மதம் மாறத் தேவையில்லை. அவர்களுள் பலரைக் கேட்டால் பௌத்தர் என்றே சொல்வார்கள். கண்ணனுக்கு ஏற்றிய ஊதுபத்தியும் அவர்களுக்கு மெய்யான வழிபாடுதான்.